பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஊறவைக்க எந்தப் பிளாஸ்டிக் டிரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் பிசான நெல் நடவு என்றால், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யத்தைப் புரட்டாசி பிறக்கும்போதே போட்டுவிட வேண்டும். அது பக்குவமாக 30 நாள் பிடிக்கும். சாணமும் கோமியமும் வீட்டிலேயே இருக்கும், வாழைப்பழம் தெருமுனையில் கிடைக்கும். கடைசி நேரத்தில் அலையவிடுவது டிரம்தான். கையில் கிடைத்ததில் ஊற்றிவிட்டு, பத்தாம் நாள் புழு நெளிவதையும் மூடி உப்புவதையும் பார்த்துக் கையைப் பிசைவதைவிட, வாங்கும்போதே விசாரித்து வாங்குவது நல்லது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயற்காட்டிலும் களக்காடு, ஏர்வாடி வாழைத்தோட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

டிரம் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? விலையா, அளவா, தரமா?

வாயைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாம் ஊறவைக்கும் கரைசல்கள் இரண்டு சாதி. பஞ்சகவ்யமும், சாணம், கோமியம், வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துப் போடும் ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல் ஆகியவையும் காற்று வாங்கி நொதிப்பவை. இவற்றைக் காலையும் மாலையும் அடிவரை கலக்கிவிட வேண்டும். டிரம்மின் வாய் அதன் வயிற்றின் அகலத்துக்கு இருந்தால்தான் கம்பு மூலைமுடுக்கெல்லாம் போகும். குறுகிய வாய் கேனில் சாணம் அடியில் கட்டிதட்டி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அடியில் இருப்பது காற்றில்லாமல் அழுகும். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து வடிக்கும் மீன் அமிலம் அடுத்த சாதி. அது காற்றுப் படாமல் நொதிக்க வேண்டும், உள்ளே உண்டாகும் வாயு மட்டும் வெளியேற வேண்டும். அதற்கு இறுக மூடும் மூடி தேவை. தேமோர்க் கரைசல் இரண்டுக்கும் நடுவில். ஐந்து லிட்டர் மோரும் ஒரு லிட்டர் தேங்காய்ப்பாலும் ஏழு நாள் ஊற, மூடியைத் தளர்வாக வைத்த எந்த 10 லிட்டர் வாளியும் போதும்.

வாய்க்கு அடுத்தது பூர்வீகம். அந்த டிரம்மில் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான் அது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் நிறம், பிராண்டு எல்லாம் உங்கள் விருப்பம்.

பஞ்சகவ்யத்துக்கு எத்தனை லிட்டர் டிரம் வாங்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது: பசுஞ்சாணம் 7 கிலோ, பசுநெய் 1 கிலோ. இரண்டையும் பிசைந்து, காலை மாலை கிளறி 3 நாள் வைக்க வேண்டும். அதன்பின் கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்து 15 நாள் கலக்கிவர வேண்டும். பிறகு பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்கு பழுத்த பூவன் பழம் 12.

எல்லாம் சேர்ந்தால் 39, 40 லிட்டர் வரும். இதைப் பார்த்து 50 லிட்டர் டிரம் வாங்குகிறவர்கள் அதிகம். அது போதாது. வெல்லமும் பழமும் பாலும் விழுந்த 18ஆம் நாளுக்குப் பிறகு மூன்று நாலு நாள் நுரை பொங்கும். ராத்திரி படுக்கும்போது சாதுவாக இருந்தது காலையில் டிரம்மைச் சுற்றி வழிந்து, ஈயெல்லாம் அங்கே கூடியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு காலி இடம் வேண்டும். ஆக, இந்த அளவுக்கு 60 லிட்டர் டிரம். பாதி அளவு போட 30 அல்லது 35 லிட்டர்.

மீன் அமிலத்துக்கு 5 கிலோ மீன் கழிவும் 5 கிலோ வெல்லமும் என்றால் 15 லிட்டர் போதும். அது அவ்வளவாகப் பொங்காது. ஆனால் ஏகமாகக் காலி இடம் விட்டாலும் தப்பு. மேலே நிற்கும் காற்றில் பூஞ்சணம் படரும்.

200 லிட்டர் டிரம்மில் 200 லிட்டர் ஜீவாமிர்தம் போடலாம்தானே?

முடியாது. இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. 200 லிட்டர் என்பது தண்ணீரின் அளவு மட்டும். அதன் மேல் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ சேரும்போது 220 லிட்டரைத் தாண்டிவிடும். டிரம் விளிம்புவரை அதைத்தான் கொள்ளும். கலக்க இடமிருக்காது.

முக்கால் அளவு போடுங்கள்: தண்ணீர் 150 லிட்டர், சாணம் 7½ கிலோ, கோமியம் 7½ லிட்டர், வெல்லம் 1½ கிலோ, மாவு 1½ கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. கலக்கும்போது சிந்தாது. 48 மணி நேரத்தில் தயார், ஏழு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

டிரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 10 லிட்டர் வாளியால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அப்படியே ஒரு ராத்திரி நிறுத்தினால் ஒழுக்கும் தெரிந்துவிடும்.

எந்த வகைப் பிளாஸ்டிக் நல்லது?

டிரம்மின் அடியில் முக்கோண அம்புக்குள் ஒரு எண் இருக்கும். 2 என்றால் எச்.டி.பி.இ., அதாவது கனமான பாலிஎத்திலீன். நீல டிரம்கள் பெரும்பாலும் இதுதான். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், மூடி போட்ட வாளிகள் பல இந்த வகை. இரண்டுமே புளிப்பையும் கோமியத்தின் காரத்தையும் தாங்கும், நம் வேலைக்கு ஏற்றவை. 1 பெட் பிளாஸ்டிக், 3 பி.வி.சி., 7 மற்றவை. இந்த மூன்றிலும் ஊறவைக்க வேண்டாம்.

எண் அழிந்திருந்தால் ஒரு சோதனை உண்டு. விளிம்பில் கத்தியால் நகம் அளவு சீவி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, விரலால் அமுக்கி விடுங்கள். மேலே எழும்பி மிதந்தால் பாலிஎத்திலீனோ பாலிப்ரொப்பிலீனோதான். மூழ்கிக் கிடந்தால் வேறு. சோப்பில் நனைக்காவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும்.

கறுப்பு நிறத்தில் மலிவாக விற்கும் டிரம்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல கழிவுப் பிளாஸ்டிக்குகளைக் கலந்து உருக்கி வார்த்தவை அவற்றில் நிறைய. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். எரிந்த நெடி வந்தால் விட்டுவிடுங்கள். நல்ல 200 லிட்டர் டிரம் எட்டு கிலோவுக்குக் குறையாமல் கனக்கும். உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு வெளியே இருந்து பார்த்தால், சுவர் மெலிந்த இடம் பளிச்சென்றும் கீறல் மயிரிழைக் கோடாகவும் தெரியும். அடி வளைவில்தான் அதிகம் மெலிந்திருக்கும், அங்கே கூர்ந்து பாருங்கள்.

வீட்டில் 20 லிட்டர் குடிநீர் கேன் சும்மா கிடக்கிறது. அது ஆகாதா?

ஆகாது. குறுகிய வாய் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கெட்டியான நீலக் கேன்களில் பல பாலிகார்பனேட். கோமியம் பழகப் பழக அதிலிருந்து அம்மோனியா வரும். பாலிகார்பனேட்டை அம்மோனியா அரிக்கும். நாளடைவில் நூல் நூலாக வெடிப்பு ஓடி, ஒருநாள் தூக்கும்போது அடி கழன்றுவிடும்.

பெயிண்ட் வாளி?

ஊறவைக்க வேண்டாம். பெயிண்ட் கெட்டுப்போகாமல் இருக்க அதில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருப்பார்கள். நாம் வளர்க்க நினைப்பதோ அதே நுண்ணுயிரை. தண்ணீர் மொள்ளவும், வடிகட்டும்போது கீழே வைக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) பழைய நீல டிரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், பூர்வீகம் தெரிந்தால். தெரியாவிட்டால் எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பழச்சாறு, மாங்கூழ், சமையல் எண்ணெய், கிளிசரின், ஊறுகாய் வந்த டிரம்கள் நல்லவை. சோப்புக் கரைசல் வந்தவற்றை நாலைந்து முறை அலசி, ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தி, நுரை நின்றபின் எடுத்துக்கொள்ளலாம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, சாயம், பெயிண்ட் தின்னர், அமிலம், டீசல் இருந்தவை எக்காரணத்தாலும் கூடாது. கழுவினால் போகாதா என்று கேட்பார்கள். போகாது. பாலிஎத்திலீன் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் எண்ணெய்ப்பசை உள்ள ரசாயனங்கள் அதன் சுவருக்குள்ளேயே ஊறி இறங்கிவிடும். மேலே கழுவியபின், நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். களைக்கொல்லி கசிந்த பஞ்சகவ்யத்தை வாழைக்குத் தெளித்தால் குருத்து திருகிக்கொண்டு வரும். காரணம் தெரியாமல் பஞ்சகவ்யத்தைத்தான் குறை சொல்வோம்.

கடைக்காரர் "ஜூஸ் டிரம்தான்" என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். லேபிள் கிழிந்த இடத்தைப் பாருங்கள். சாய்சதுர வடிவில் பசைத்தடம் இருந்தால் அது அபாய எச்சரிக்கை ஒட்டிய இடம். அந்த டிரம் வேண்டாம். அடியிலோ பக்கத்திலோ 1எச்1, 1எச்2 என்று புடைப்பு எழுத்து இருக்கும். 1எச்1 என்றால் மேல்பாகம் திறக்காத டிரம், 1எச்2 என்றால் மேல்மூடி முழுதாகக் கழல்வது. நமக்கு 1எச்2. இந்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அபாயகரமான சரக்கை ஏற்றும் அளவுக்கு உறுதியானது என்ற சான்றுதான் அது, ஏற்றியதற்குச் சாட்சி அல்ல. பக்கத்தில் கடிகாரம் போன்ற ஒரு வட்டமும் இருக்கும். அதில் அம்பு காட்டுவது வார்த்த மாதம், நடுவில் வருடம்.

கடைசிச் சோதனை மூக்குக்கு. வெயிலில் மூடியோடு ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்து, கையால் விசிறி மோந்து பாருங்கள், முகத்தை உள்ளே நுழைக்க வேண்டாம். குளிர்ந்திருந்தபோது ஒளிந்திருந்த நெடி சூட்டில் வெளிவந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் அதில் ஒரு நாள் ஊறிய தண்ணீரில் பத்துப் பயறை முளைகட்டுங்கள், பக்கத்தில் நல்ல தண்ணீரில் பத்து. முளை குன்றினால் விஷயம் முடிந்தது.

மண்பானையில் போடுவதுதானே பழைய வழக்கம்? காருக்குறிச்சிப் பானை இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு?

20 லிட்டர்வரை போடுகிறவருக்கு மண்பானைதான் முதல் சிபாரிசு. சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் சித்திரை வெயிலிலும் உள்ளே சூடேறாது. அதற்கு மேல் போனால் பானையின் கனம், கலக்கும்போது கம்பு இடித்து உடையும் பயம், நெய் சுவரில் இறங்குவது, வாரத்துக்கு வாரம் மட்டம் குறைவது என்று சங்கடங்கள். 60 லிட்டருக்கும் மேலே பிளாஸ்டிக் அல்லது சிமென்ட் தொட்டி. தகர டிரம், பித்தளை அண்டா, அலுமினியம், செம்பு எதுவும் கூடாது. புளிப்பும் அம்மோனியாவும் உலோகத்தைக் கரைத்துக் கரைசலில் சேர்த்துவிடும்.

மீன் அமில டிரம்மின் மூடி உப்பிக்கொள்கிறது. பீர் காய்ச்சுவோர் மாட்டும் ஏர்லாக்கை இதில் மாட்டலாமா?

மாட்டலாம். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பிளாஸ்டிக் வாளியின் மூடியில் செருகும் அந்தச் சின்ன நீர்ப்பூட்டு, உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. நமக்குத் தேவையானதும் அதுவே. (நம் மாநிலத்தில் வீட்டில் பீர், கள் வடிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது பயிருக்கான கரைசலை மட்டும்.) ஆனால் அதைத் தேடி அலைய வேண்டாம். சொட்டுநீர்ச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இதைச் செய்யப் பொருள் கிடைக்கும்.

வேண்டியவை: 6 மி.மீ. வெளிவிட்டமுள்ள மைக்ரோ டியூப் இரண்டு மீட்டர், காலி தண்ணீர் பாட்டில் இரண்டு. டிரம் மூடியின் நடுவில் 5½ மி.மீ. பிட்டால் ஒரு துளை போடுங்கள். டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி, துளைக்குள் விட்டு, உள்பக்கமிருந்து குறட்டால் இழுங்கள். துளை அரை மில்லி சிறியதாக இருப்பதால் தானே கவ்விக்கொள்ளும், பசை தேவையில்லை. உள்ளே ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். மீனில் தொட்டால் அடைத்துவிடும்.

டியூபின் மறுநுனியை நேரே தண்ணீர் பாட்டிலில் விடுவதுதான் பலரும் செய்வது. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பகலில் 38 டிகிரி இருந்த இடம் ராத்திரி 28க்கு இறங்கினால் டிரம்முக்குள் உள்ள காற்று சுருங்கும். அந்த இழுப்பு தண்ணீரை ஓரடிக்குக் குறையாமல் மேலே ஏற்றும். வாயு நன்றாக வந்துகொண்டிருக்கும் முதல் பத்து நாள் பிரச்சினை இல்லை. வேகம் குறைந்த பிறகு ஒரு காலையில் பாட்டில் காலி, தண்ணீர் டிரம்முக்குள். தண்ணீர் சேர்ந்த மீன் அமிலம் அழுகத் தொடங்கும். அதற்குத்தான் இரண்டாவது பாட்டில். டிரம்மிலிருந்து வரும் டியூப் முதலில் மூடி இறுகிய ஒரு காலி பாட்டிலுக்குள் போகட்டும். அந்த மூடியிலிருந்தே இன்னொரு டியூப், அதன் அடிவரை நீட்டி, தண்ணீர் பாட்டிலுக்குப் போகட்டும். தண்ணீர் திரும்பி வந்தாலும் காலி பாட்டிலில் தங்கிவிடும், மறுபடி வாயு வரும்போது தள்ளப்பட்டு வெளியே போய்விடும். தண்ணீர் பாட்டிலில் டியூப் இரண்டு விரற்கடை முங்கினால் போதும், அந்தப் பாட்டிலை மூடக் கூடாது.

குமிழி வராமல் மூடி மட்டும் உப்பினால் டியூப் அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தி விடுங்கள். குமிழியும் இல்லை, உப்பலும் இல்லை என்றால் மூடியின் ஓரத்தில் கசிகிறது. சோப்புத் தண்ணீரைத் தடவினால் எங்கே என்று தெரியும்.

டிரம்மின் அடியில் குழாய் வைப்பது எப்படி? எம்-சீல் போட்டும் ஒழுகுகிறதே?

ஒழுகத்தான் செய்யும். எச்.டி.பி.இ.யில் எந்தப் பசையும் பிடிக்காது. பி.வி.சி. சொல்யூஷனோ எம்-சீலோ காய்ந்தபின் பொருக்கு மாதிரி உரிந்து வரும். இருபக்கமும் வாஷர் வைத்து முறுக்கிப் பிடிப்பது ஒன்றே வழி.

முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள், இரண்டு ரப்பர் வாஷர், பி.வி.சி. பால் வால்வு, டெஃப்லான் டேப் வாங்குங்கள். முக்கால் இஞ்ச் மரையின் வெளிவிட்டம் 26 மி.மீ.க்குச் சற்று மேல். 27 அல்லது 28 மி.மீ. ஹோல்சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) துளையிடுங்கள். காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளை போட்டால் ஓரம் தடித்து வாஷர் படியாது. அடியிலிருந்து மூன்று விரற்கடை மேலே வையுங்கள், அதற்குக் கீழே வண்டல் தங்கட்டும். டிரம் வளைவாக இருப்பதால் வாஷர் கொஞ்சம் தடிப்பாகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே, ஒன்று வெளியே. கையால் முறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒழுகும்.

பித்தளைக் குழாய் அழகாக இருக்கிறது என்று வைத்துவிடாதீர்கள். கோமிய அம்மோனியா பட்டால் பித்தளை வெடிக்கும்.

மீன் அமில டிரம்முக்குக் குழாயே வேண்டாம். முள்ளும் செதிலும் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிப்பதுதான் லாயக்கு.

கழுவுவதற்கு எது நல்லது? பிளீச்சிங் பவுடர் போடலாமா?

இதை நிதானமாகப் படியுங்கள். கோமியமோ பஞ்சகவ்யமோ இருந்த டிரம்மில் நேராக பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். டிரம்முக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணும் நெஞ்சும் எரியும், மூச்சுத் திணறும். புளித்த மோர் இருந்த பாத்திரத்திலும் அப்படியே கொட்டக் கூடாது. புளிப்புப் பட்டால் குளோரின் வாயுவே வரும்.

முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும். கை பொறுக்கும் அளவைவிடக் கொஞ்சம் அதிகச் சூடு போதும். மெத்தென்ற துணியால் தேயுங்கள். மணல், இரும்பு நார், தேங்காய் நார் வேண்டாம். அவை போடும் கீறல்களுக்குள் அழுக்கு குடியேறி, அடுத்த முறை நீங்கள் போடாத கிருமி முதலில் விளையும். மறுபடி நன்றாக அலசியபின் வேண்டுமானால் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து, வெளிக்காற்றில் வைத்து, கால் மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள். இன்னும் இரண்டு முறை அலசி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். பஞ்சகவ்யத்துக்கு இந்த பிளீச்சிங்கே தேவையில்லை, சோப்பும் வெயிலும் போதும்.

மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறந்துவிடுகிறார்கள். நாற்றம் குடியிருப்பது அதற்கு அடியில்தான். நெய்யும் சாளை மீன் எண்ணெயும் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப் பெருத்துவிடும், பிறகு மூடி படியாது. உபரியாக ஒரு வளையம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

குளோரின் கலந்த தண்ணீர் என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாய்க்கால் தண்ணீர் நேராக ஆகும். ராதாபுரம் பக்கத்தில் உப்புக் கிணறு இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பது மேல்.

டிரம்மை எங்கே வைப்பது?

மர நிழலிலோ தொழுவத்துச் சாய்ப்பிலோ வையுங்கள். நேர் வெயில் பட்டால் நீல டிரம்முக்குள் சூடு ஏறி நுண்ணுயிர்கள் சாகும், பிளாஸ்டிக்கும் வெளுத்துப் பொடியும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது என்றால் அந்த டிரம்முக்கு வயதாகிவிட்டது.

தரை சமமாக இருக்கட்டும். 200 லிட்டர் நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல். ஒரு கல் முனை அடியில் உறுத்தினாலும் சில மாதத்தில் அங்கே பிதுங்கி வெடிக்கும். குழாய் வைத்த டிரம் என்றால் ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டடி உயர மேடை கட்டி, அதன்மேல் பலகையோ கடப்பைக் கல்லோ போடுங்கள். குழாய்க்குக் கீழே கேன் நிற்க வேண்டும். ஊற்றுவதற்கு முன்னாலேயே மேடையில் ஏற்றிவிடுங்கள், நிரப்பியபின் அசைக்க முடியாது. பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் காலி டிரம் அடுத்த தோட்டம்வரை உருண்டுவிடும். கயிற்றால் கட்டி வையுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் துணி கட்டியதோடு நிறுத்தாதீர்கள். துணிமேல் பலகை வைத்துக் கல் ஏற்றுங்கள். இடுப்புயர டிரம்முக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் சத்தம்கூட வெளியே வராது.

புழு வந்துவிட்டது. டிரம் சரியில்லையா?

டிரம்மில் குற்றமில்லை. ஈ உள்ளே போயிருக்கிறது. பஞ்சகவ்ய டிரம்முக்கு மூடி போடக் கூடாது, ஆனால் வாயைக் கட்ட வேண்டும். பழைய வேட்டித் துணியோ கொசுவலையோ விரித்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விளிம்பில் மாட்டினால் காலை மாலை கழற்றி மாட்டச் சுலபம். கயிறு கட்டினால் நாலாம் நாள் சோம்பல் வந்து, அரைகுறையாகச் சுற்றிவிட்டுப் போவோம். ஈ காத்திருப்பது அதற்குத்தான்.

மீன் அமிலத்தில் புழு என்றால் மூடி கசிகிறது. அழுகல் நாற்றம் என்றால் வெல்லம் குறைவு, அல்லது மீனைக் கழுவிய தண்ணீரோடு போட்டிருக்கிறீர்கள். எடைக்கு எடை வெல்லம், சொட்டுத் தண்ணீர் கூடாது. உவரியிலிருந்து வரும் சாளையின் தலையும் குடலும் அருமையாகக் கரையும். உப்புப் போட்ட கருவாட்டுக் கழிவு வேண்டாம். வெல்லம் கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்று வெளுத்த வெல்லத்துக்கு ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டிருக்கக் கூடும். 21 நாளில் தேன்போல வடிந்து, பழவாடை வந்தால் பக்குவம்.

ஒரே டிரம்மில் இந்த மாதம் மீன், அடுத்த மாதம் தேமோர் என்று மாற்றிப் போடலாமா?

மீன் போட்ட டிரம் கடைசிவரை மீனுக்குத்தான். அந்த வாடை சுவருக்குள் இறங்கியது, எத்தனை வெயிலில் வைத்தாலும் முழுதாகப் போகாது. பஞ்சகவ்ய டிரம்மில் ஜீவாமிர்தம் போடலாம். தேமோர் வாளியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது.

கீறல் விழுந்த டிரம்மை ஒட்ட முடியுமா?

பசையால் முடியாது என்று மேலே சொன்னோம். பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிறவரிடம் அதே வகைக் கம்பியால் பற்றவைக்கலாம். அடிப்பாகத்து வெடிப்பு என்றால் செலவழிக்காதீர்கள், பாரம் தாங்காது. பாதியாக அறுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தொட்டியாக்கிக்கொள்ளலாம், மீன் டிரம் தவிர.

வடித்த பஞ்சகவ்யத்தை, மீன் அமிலத்தை எதில் வைப்பது?

பஞ்சகவ்யம் டிரம்மிலேயே இருக்கட்டும். நாள்தோறும் கலக்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் கெடாது. கெட்டியானால் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம். தெளிக்க 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும்.

மீன் அமிலத்தை 5 லிட்டர் எச்.டி.பி.இ. கேனில் முக்கால் பங்கு ஊற்றி, முதல் பத்து நாள் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். வடித்தபின்னும் கொஞ்ச நாள் வாயு வரும். மெல்லிய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால் வெடித்து, அந்த அறையில் ஒரு வாரம் உட்கார முடியாது. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மி.லி. வரை. முதல் தடவை என்றால் 50இல் தொடங்கி, நாலு வரிசைக்கு மட்டும் அடித்து, மூன்று நாள் இலையைப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். வடித்தபின் மிஞ்சும் முள்ளோடு அதே எடை வெல்லம் சேர்த்து, அதே டிரம்மில் இன்னொரு முறை ஊறவைக்கலாம்.